ஊதா விளக்கு

ஐகிரவுண்டுக்குப் பின்னால் புதுக் கட்டடம்.
ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும்.
இரண்டாவதைத் தாண்டினால்
காற்று உள்ளே போகும்,
திரும்பி வராது.

வெளியே ஆனிக் காற்று
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து
பாளை பஸ் ஸ்டாண்டுத் தட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தது,
கேட்பாரில்லாமல்.
இங்கே சுவரில் ஒரு முள் அதற்குக் கணக்கு வைத்திருந்தது.
நாற்பது பாஸ்கல். குறைந்தால் மணி அடிக்கும்.
செவ்வாய்க்கிழமை எங்கோ மரம் சாய்ந்து கரண்டு போய்
ஜெனரேட்டர் எழும்ப ஒன்பது விநாடி.
யாரும் மூச்சுவிடவில்லை.
நான் விட்டேன்; முகக் கண்ணாடி மங்கியது.

உகாண்டாவிலிருந்து வந்திருந்தாள் நல்வோகா.
என்னைவிடப் பத்து வயது இளையவள்.
அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும்
வேறு வேறு ஊர்க்காரர்கள்.
உடுப்புக்குள் விசிறி இரைய, அதுவும் கேட்காது.
எல்லாம் கைதான்.
முஷ்டி என்றால் நில்.
கழுத்தருகே விரல் என்றால் காற்று இல்லை.
உள்ளங்கையை விரித்து ஒரு திருப்புத் திருப்பி
‘என்ன?’ என்று நான் கேட்பதை
மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டாள்.
கையேட்டில் அது கிடையாது.

ஏழாம் நாள், கிருமிக்குப் பதிலாக மாவு.
கண்ணுக்குத் தெரியாது,
ஊதா விளக்கில் மட்டும் பச்சையாய்ச் சிரிக்கும்.
உடுத்துவது லேசு. கழற்றுவதற்கு இருபத்தாறு படி,
வெளிக் கையுறை, அதன் ஓரம், தலைமூடி,
ஒவ்வொன்றுக்கும் நடுவே கை கழுவ வேண்டும்.
விளக்கை அணைத்தார்கள்.
செல்வின் கனகராஜுக்கு முழங்கையில் பச்சை.
எனக்கு வலது கட்டைவிரல் நகத்தடியில்.
சென்னையிலிருந்து வந்த பெரியவர்கள் ‘அச்சச்சோ’ என்றார்கள்.
மேசைமேல் சான்றிதழ், பொன்னாடை, மூடிவைத்த கேசரி.

கடைசியாக அவளே நின்றாள், செய்து காட்டுவதற்காக.
முன்பக்கம் சுத்தம்.
பின்னால் நின்றது நான் ஒருத்திதான்,
அன்றைக்கு அவளுக்குத் துணை நான்.
இடது காதுக்குப் பின்னால்
அரிசி அளவு பச்சை.

பதினெட்டு வருடம் ஆட்டோகிளேவ் பக்கத்தில் நின்று
வருகிற டாக்டருக்கெல்லாம் ‘ஆமா சார்’ சொன்ன நாக்கு
எழும்பவில்லை.
கை எழும்பியது. முஷ்டி.

டைரக்டர் இருமினார்.
அவள் திரும்பி, உள்ளங்கையை விரித்து
ஒரு திருப்புத் திருப்பினாள்,
என் கையை எனக்கே காட்டுவதுபோல்.
நான் என் காதைத் தொட்டேன்.

அவள் வெட்கப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.
பிழைப் பதிவேடு எங்கே என்று கேட்டாள்.
பெயர், நேரம், இடம்: இடது காது, பின்புறம்.
‘கண்டவர்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி
என்னைப் பார்த்தாள்.
வாங்கி நானே எழுதினேன், தமிழில்:
சு. உலகம்மை.

கேசரி ஆறிக்கொண்டிருந்தது.
அவள் மறுபடி உடுத்தப் போனாள், முதல் படியிலிருந்து.

ராத்திரி வீட்டில்
காதுக்குப் பின்னால் மூன்று தடவை சோப்புப் போட்டேன்.
எனக்கு அங்கே ஒன்றும் ஒளிரவில்லை,
பின்னால் யாரும் நிற்கவும் இல்லை.