பட்டியலில் இல்லாதது

புதன்கிழமையே போன் வந்துவிட்டது.
சனிக்கிழமை மேலே வருகிறோம், மூன்று பேர்,
பையனுக்கு ஒன்பது வயது,
பர்கர் தின்றதே இல்லை என்றார் சுகந்தி.
அப்புறம் பட்டியல்:
கோதுமை, முட்டை, பால், வேர்க்கடலை, எள்.
'அவ்வளவுதாங்க' என்று அவரே சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டில், ஏரியைத் தாண்டி
ஆறு மேசை போட்ட கடை என்னுடையது.
போன வருஷம் ஒருவர் கேட்டார்,
சட்னியில் கடலை உண்டா என்று.
இல்லை என்றேன்.
சட்னியில் இல்லைதான்.
கரண்டியில் இருந்தது.
அவர் உதடு வீங்கியதையும்
கார் கதவு அறைந்து மூடியதையும்
யாரிடமும் சொன்னதில்லை.
மறுநாள் அவரே கூப்பிட்டு
'பரவால்லைங்க' என்றார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே வியாழக்கிழமை கீழே இறங்கி
செவ்வாய்ப்பேட்டையில்
புதுக் கல், புதுக் கரண்டி, புது வெட்டுப்பலகை.
கல்லைப் பழக்க எண்ணெய் வேண்டும்.
கடலை எண்ணெய் கூடாது, நல்லெண்ணெய் கூடாது.
தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தேன்.
'அடுப்புக்குத் தலைக்கு ஊத்தறீங்களா அக்கா'
என்றான் காய் இறக்க வந்த பெரியாண்டி.

மொச்சை அவனுக்குச் சேரும், உளுந்தும் சேரும்.
இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.
ராத்திரி ஊறியதை விடியலில் பிதுக்கினேன்.
விரலில் பட்டதும் தோலை விட்டுத் துள்ளி
ஒன்றிரண்டு கதவுவரை ஓடின.
இஞ்சி, சின்ன வெங்காயம், எஸ்டேட் மிளகு
எல்லாம் சேர்த்து மசித்துத் தட்டி
கல்லில் போட்டேன்.
முதலாவது புட்டு.
இரண்டாவது சுண்டல்.
முட்டையும் இல்லாமல், ரொட்டித்தூளும் இல்லாமல்
எது இதைப் பிடித்து நிறுத்தும்?

ஆத்தூர் ரோட்டில் லாரி லாரியாய்ப் போகும் கிழங்கு.
சேகோ ஆலைக் களத்தின் புளித்த வாடைக்கு
பஸ் ஜன்னலைச் சாத்துகிறவள் நான்.
அந்த மரவள்ளி மாவில் மூன்று ஸ்பூன்.
பிடித்துக்கொண்டது.
திருப்பிப் போட்டேன். உடையவில்லை.
தனியாக நின்று கைதட்டினேன், அசிங்கமாக.

சாமையும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து
டபரா மூடியில் ஊற்றி அவித்து
கல்லில் வாட்டியதற்குப் பெயர் பன்.
பன் என்று சொன்னால் பன்.

வந்தார்கள்.
வளைவுகளில் வெளுத்த முகத்தோடு நிதர்சன்,
அவசர ஊசியைத் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்த அம்மா,
சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே
நாற்காலியைத் திருப்பிப் போட்ட அப்பா.
சுகந்தி அடுக்களைக்குள் வந்து
பொட்டலம் பொட்டலமாய்ப் படித்தார்.
கரண்டியை முகர்ந்தார்.
கோபம் வரவில்லை எனக்கு.

சேலத்துப் பிள்ளை,
தட்டுவடை செட் தின்னாத சேலத்துப் பிள்ளை.
இரண்டு தட்டுவடைக்கு நடுவில்
பீட்ரூட்டும் கேரட்டும் நெரிபடுவதை
ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவன்.
அதனால் நானும் நடுவில்
பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்தேன்.

குருவி கொத்தின மாதிரி ஒரு கடி.
போதும், வை என்றார் அப்பா.
இருபது நிமிஷம்.
ஏறிவந்த மலையில் கொண்டை ஊசி வளைவு இருபது.
ஒவ்வொன்றிலும் எதிரே என்ன வருமென்று தெரியாமல்
ஒலிப்பான் அடிக்கிற மாதிரி
அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்:
நாக்கு அரிக்குதா? தொண்டை?
நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.
காலாட்டிக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான்.
ஏரியில் ஒரு மிதிபடகு
வட்டமடித்து, வட்டமடித்து,
கரை சேரத் தெரியாமல்.

கடிகாரம் தாண்டியது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவன் மிச்சத்தை எடுத்துத் தின்ன ஆரம்பித்தான்,
இரண்டு கையாலும்,
பீட்ரூட் சாறு முழங்கைவரை வழிய.
பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.
எனக்கு வயிறு கலங்கியது.

'ஆன்ட்டி, இதுல உப்பே இல்ல.'

ஐந்தையும் நினைத்து நினைத்து
ஆறாவதாய் மறந்திருக்கிறேன்.
சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டார்,
சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.
அலமாரியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தேன்.
பிரிக்குமுன்
திருப்பி, பொடி எழுத்தைப் படித்தேன்.