அகப்பைக்குத் தப்பியது

எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று
வால்பரைசோவில் என்னைக் கேட்காதவர் இல்லை.
கேட்டுவிட்டு, என் கையுறையைப் பார்த்ததும்
அரையடி தள்ளி நிற்பார்கள்.

நான் யாஸ்னா.
துறைமுகத்துக்கு மேலே இருபத்திரண்டு சமையலறைகளில்
கொழுப்புத் தொட்டி அள்ளுகிறவள்.
பாத்திரம் கழுவிய நீர் சாக்கடைக்குப் போகுமுன்
தன் பாவத்தை இறக்கிவைக்கும் பெட்டி அது.
சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்;
அகப்பைக்குத் தப்பியது
என் வாளிக்கு வரும்.

உள்ளதைச் சொல்கிறேன்.

மூன்று நங்கூரத்தில் சுவரெல்லாம் கப்பல் படம்,
மேசையெல்லாம் வெளியூர்க்காரர்.
பொரித்த உருளைக்கிழங்கைக் குவித்து
மேலே இறைச்சி, வெங்காயம், முட்டை கவிழ்த்து
நாலு பேருக்கு ஒரே தட்டாக வைப்பார்கள்.
கிழங்கு நேற்றையது.
எண்ணெய் போன வாரத்தது, அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம்;
தொட்டியில் தார்போல உறைந்து கிடக்கும்,
கடப்பாரை வேண்டும்.
முட்டை மட்டும் இன்றையது. அதை நம்பலாம்.

எர்மிந்தாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
எழுபத்தெட்டுப் படி. பாதியில் ஒரு நாய் மறிக்கும்,
ரொட்டி பிட்டுப் போட்டால் வழிவிடும்.
அவள் வைக்கும் கொங்ரியோ மீன் சூப்பில்
கொத்தமல்லி கடைசியில்தான் விழும்,
விழவேண்டிய நொடியில்.
ஸ்பூனைக் கீழே வைத்த உடனே
"ஆச்சா? எழுந்திரு" என்பாள்.
எழுந்திருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.
கழிப்பறைக்கு மட்டும் வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள்.

கடற்சிங்கம் மதுக்கடையில் 'பூகம்பம்' கேளுங்கள்:
இனிப்பு ஒயினில் அன்னாசி ஐஸ்கிரீம் மிதக்கும்.
முதல் கோப்பை சுமார். இரண்டாவது பரவாயில்லை.
மூன்றாவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல
யாரும் நினைவோடு இருந்ததில்லை.
ஒயினில் தண்ணீர் கலக்கிறார்கள், எனக்குத் தெரியும்.
ஆனால் நிஜமாகவே தரை ஆடிய ஓர் இரவு
எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள், கோப்பையோடு;
ஆட்டம் நின்றதும் ஒருவர் பாக்கியில்லாமல்
திரும்பி வந்து காசு கொடுத்தார்கள்.
தண்ணீரை அதற்காக மன்னிக்கிறேன்.

நோல்பெர்தோவின் கடையைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்றிருந்தேன்.

ஏப்ரலில் மூடியைத் திறந்தேன்.
தெளிந்த நீர்.
அதில் என் முகம் தெரிந்தது,
பதினோரு வருட வேலையில் முதல்முறை.
"இந்த ஊரிலேயே சுத்தம் உன் கடைதான்!"
என்று கத்தினேன், பாராட்டாக.
அவர் பதில் சொல்லவில்லை.
துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.
எட்டு மேசை. எட்டிலும் கவிழ்த்த கோப்பை.
எண்ணெய்ச் சட்டி ஆணியில் தொங்கியது,
சீர்வரிசையில் வந்த பாத்திரம்போல
கறையே படாமல்.

ஆள் வராத கடையில்
அழுக்கு எங்கிருந்து வரும்?
என் வாயை என்ன செய்வது.

கையுறையைக் கழற்றினேன்.
முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போட்டேன்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
"பொரித்த மெர்லூசா ஒன்று" என்றேன்.

சட்டியை இறக்கும்போது கை நடுங்கியது அவருக்கு,
பழக்கம் விட்டுப்போன கை.
மீன் ஒரு பக்கம் கருகல்.
மறுபக்கம் உப்புக் கரித்தது.
முள்ளருகே வேகவேயில்லை.

"எப்படி?" என்றார்.
இருபத்திரண்டு கடைக்காரர்களில்
என்னிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.
"நல்லா இல்லை" என்றேன்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே ஒரு சரக்குக் கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது, மெதுவாக.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு
எதிரில் உட்கார்ந்தார்: "எங்கே தப்பு?"

சொன்னேன். ஒன்றுவிடாமல்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். உப்பு சரியாகிவிட்டது.

இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்:
நோல்பெர்தோவிடம் போங்கள்.
மீன் இன்னும் சுமார்தான், பொய் சொல்லமாட்டேன்.
நாலு பேராகப் போங்கள், பசியோடு போங்கள்,
பொரித்ததே கேளுங்கள்.
அடுத்த மாதம் மூடியைத் திறக்கும்போது
என் முகம் எனக்குத் தெரியக்கூடாது.