பாதி வெட்டிய கூப்பன்

பைகிராஃப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில்
நத்தர்ஷா எனக்கென்று தனியே எடுத்துவைப்பார்.
"சார், உங்க பயில்வான் புக்கு வந்திருக்கு."
சொல்லிவிட்டு என் தொப்பையைப் பார்ப்பார்.
பதினெட்டு வருடமாக வாங்கியும்
பலன் தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

பஞ்சாங்கம் அளவுதான் ஒவ்வொன்றும்.
சட்டைக்குள் ஒளிக்க முடிகிற அளவாகப் பார்த்து
எவனோ அச்சடித்திருக்கிறான்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, ஆகஸ்ட்.
விலை முப்பத்தைந்து சென்ட்.
அட்டையில் ஒருவன் உலக்கை பிடிப்பதுபோல்
துடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்க்கிறான்.
உள்ளே உடற்பயிற்சி, ஆரோக்கியம், கிரேக்கச் சிற்பம்.
பொய் என்று அச்சடித்தவனுக்குத் தெரியும்,
வாங்கியவனுக்கும் தெரியும்.
தெரியாதவர்களுக்காகத்தான் அந்த டம்பெல்.

மெட்ராசுக்கு எப்படி வந்தன?
கப்பலில் என்பது என் ஊகம்.
ஒன்றின் முதுகில் கிரீஸ் விரல்கள்.
ஒன்றில் ராயபுரத்து சலூனின் ரப்பர் முத்திரை.
ஒன்றில் நாலு ஆண்களுக்கும் யாரோ
நீல மசியில் கோவணம் கட்டிவிட்டிருக்கிறார்கள்,
மடிப்பு முடிச்சு எல்லாம் வைத்து, பொறுமையாக.
அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவனைத்
தணிக்கை அதிகாரி என்று நம்ப நான் தயாரில்லை.

பூச்சிக்கும் ரசனை உண்டு.
ஓரத்தையெல்லாம் விட்டுவிட்டு
நேரே தோள்பட்டைக்குப் போகிறது.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர்.
ஜாபர்கான்பேட்டையில் அடையாறு வாசற்படி ஏறியபோது
ரேஷன் கார்டுக்கு முன்னால்
இந்த மூன்று பெட்டிகளைத்தான் மாடிக்குத் தூக்கினேன்.
"என்ன சார் இவ்ளோ கனம்?" என்று
ஒரு பக்கம் கைகொடுத்தார் கீழ்வீட்டு மரகதவல்லி.
ஆபீஸ் ஃபைல் என்றேன்.
ஆபீஸ் ஃபைல் அவர் புடவையில் சொட்டியது.

நாலாம் நாள் வெயில் வந்தது.
கொடியில், என் லுங்கிகளுக்கு நடுவே,
கிளிப் போட்டுக் காயவைத்தேன்
கலிபோர்னியாவில் எப்போதோ வெயில் காய்ந்தவர்களை.
காற்றடிக்கும்போதெல்லாம் ஒரு லுங்கி விலகி
ஒரு முதுகு தெரிந்தது.
மரகதவல்லி துணி எடுக்க வந்தார்.
நின்றார். பார்த்தார்.
தன் பக்கத்துப் போர்வை ஒன்றை உருவி வந்து
தெருப்பக்கம் மறைப்பாக விரித்துவிட்டு
"இதுவும் நல்லா காயணும் சார்" என்று
படியிறங்கிப் போனார்.
இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசியதில்லை.
நானும்தான்.

அப்படிக் காய்ந்ததில்தான்
அறுபது வருடம் ஒட்டிக் கிடந்த இரண்டு பக்கங்கள்
படக்கென்று பிரிந்தன.
உள்ளே ஒரு கூப்பன். பேனா நண்பர்கள் பகுதி.
ஊதா மசி. குமாஸ்தாவின் நெட்டெழுத்து.
பெயர்: வி. கே. ஆர்.
முழுப்பெயருக்கு இடம் இருந்தது. விட்டிருக்கிறான்.
வயது இருபத்தாறு. உயரம் ஐந்தடி ஐந்து.
வேலை: துறைமுகம்.
முகவரி: மெட்ராஸ் 5, அதற்குமேல் ஒன்றுமில்லை.
விருப்பங்கள் என்ற கோட்டில்
முதலில் எதையோ எழுதி, அழுத்தி அடித்து,
பக்கத்தில்: தபால் தலை.

கத்தரிக்கோல் இரண்டு ஓரம் போய்
மூன்றாவதில் பாதியில் நின்றிருக்கிறது.

பயந்துவிட்டான் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.
யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள்,
அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள்,
அயல்நாட்டுத் தபால்தலைக்குச் சில்லறை இல்லை.
போன வாரம்தான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
கூப்பனின் முதுகில்
ஒருவனின் முழங்காலிலிருந்து பாதம்வரை.
மணலில் புதைந்த கட்டைவிரலோடு.
வெட்டினால் அது போய்விடும்.

அட, வி. கே. ஆர்.,
நீயும் சேகரிப்பவன்தானா.

டார்ச் அடித்துப் பார்த்தேன் அந்த அடித்த சொல்லை.
முதல் எழுத்து மட்டும் பிடிபடுகிறது,
அதுவும் இரண்டு விதமாக.
ஃபேனைப் போட்டால்
வெட்டுப்பட்ட மூலை மெல்ல எழுந்து
ஒரு காலைக் காட்டி
மறுபடி படுத்துக்கொள்கிறது.