இருபத்தாறாம் எண்ணின் பக்கம்

கான்சாஸ். மைதானத்துக்கு மேலே ஒரு கண்ணாடி அறை.
எனக்கு எண்ணுகிற வேலை:
யார் பிடித்தார், யார் விழுந்தார், எத்தனை கெஜம்.

கேட்ரிக் ப்ரூசார்ட், எண் இருபத்தாறு.
லூசியானாவிலிருந்து வந்த முதல் வருடம்
தலைக்கு மேல் போன பந்தை
அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.
எழுபத்தொரு கெஜம்.
கூட்டம் அவன் பெயரைத் தப்பாகச் சொல்லித் திட்டியது.

மறு வருடம் ஏழு பந்துகளைப் பறித்தான்.
அதில் ஒன்று எதிராளியின் மார்போடு ஒட்டியிருந்தது,
தூங்கும் குழந்தையிடமிருந்து பொம்மையை எடுப்பதுபோல்
எடுத்துக்கொண்டு போனான்.
என் பென்சில் அழுந்திக் கிழித்த ஓட்டை
அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம்
யாரும் அவன் பக்கம் எறியவில்லை.
பாதி மைதானம் தரிசாகக் கிடந்தது.
ஒவ்வொரு முறையும்
வராத பந்துக்காக ஓடினான்,
வராத பந்துக்காகத் திரும்பினான்,
மூச்சிரைக்க வந்து மறுபடி நின்றான்.
என் கட்டங்களில் பூஜ்யம், பூஜ்யம்.
தொழில்முறை அணியிலிருந்து வந்த ஒருவர்
தாளைப் புரட்டிவிட்டு
"இந்தப் பையன் என்னதான் செய்தான்?" என்றார்.
வெறுமையாயிருந்த இடத்தைக் காட்டினேன்.

நான்காம் வருடம், கடைசி ஆட்டம்.
பனி கலந்த மழை.
தோற்றுக்கொண்டிருந்த எதிரணிப் பையன்
வேறு வழியில்லாமல் எறிந்துவிட்டான்,
நேராக, மெதுவாக, விலாசம் எழுதியதுபோல்
இவன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே.

நழுவவிட்டான்.

குப்புறக் கிடந்தவனின் தோள் குலுங்கியது.
அழுகிறான் என்று தொலைநோக்கியை எடுத்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தான், வாயெல்லாம் புல்.

விதிப்படி அது தடுத்த பந்துதான்.
ஒன்று என்று எழுதினேன்.
அந்த வருடம் அவன் வரிசையில்
நான் போட்ட ஒரே கோடு.