ஒரு நிமிடம், பத்து நிமிடம், நான்கு நாள்

மஞ்சக்குப்பத்தில் ஏறும்போது
இன்றைக்கு நூற்றுப்பன்னிரண்டு அட்டைகள்
என்கிறது கைப்பேசி.
ஜன்னலோர இருக்கை. மடியில் சாப்பாட்டுப் பை.
பெண்ணையாற்றுப் பாலம் வருவதற்குள்
மூட்டு, முழங்கை, காய்ச்சல், கட்டு.
தெரிந்தால் நான்கு நாள் கழித்து வரும்.
தெரியாவிட்டால் ஒரே நிமிடத்தில்
வாசலில் வந்து நிற்கும்,
வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரி.

இவை நான் செய்த அட்டைகள் அல்ல.
தில்லைக்கரசி செய்தவை,
ஆண்கள் வார்டின் இரவுப் பணியில்
தன் குரலிலேயே பதிவுசெய்து.
அவள் போய் ஒன்றரை வருடம்.
காஸெல் என்று ஓர் ஊர்.
பனியில் நின்று ஒரு படம் அனுப்பினாள்,
பிறகு ப்ளூ டிக் மட்டும்.
ஆனால் தினமும் என் காதுக்குள்
ஷ்மெர்ட்ஸ் என்கிறாள்: வலி.
ப்ளூட் என்கிறாள்: ரத்தம்.
பின்னால் ஒரு மானிட்டர் நிதானமாகத் துடிக்கிறது.
பொறுமை என்பதை அவள் சொல்லி முடிக்குமுன்
யாரோ ஒரு பெரியவர்
"சிஸ்டர், பெட்பேன்" என்கிறார்.
எனக்கு அப்படித்தான் மனப்பாடம்.
கெடுல்ட், பெட்பேன்.
பரீட்சையில் சேர்த்துச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

ரெட்டிச்சாவடியில் கூட்டம்.
ஒரு காலேஜ் பையன் என் தோளுக்கு மேலாகத் திரையைப் படிக்கிறான்.
அந்த நேரம் பார்த்து மெட்ஷென் வந்தது. பெண்பிள்ளை.
அந்த மொழியில் நிலா ஆண், சூரியன் பெண்,
ஊசி பெண், வலி ஆண்,
பெண்பிள்ளை மட்டும் இரண்டும் இல்லை.
எட்டாம் வகுப்பில் படித்த உயர்திணை அஃறிணை
எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டது.
வலி ஆண் என்பதில்
பிரசவ வார்டில் ஆறு வருடம் இருந்தவளுக்கு
கொஞ்சம் ஆட்சேபம் உண்டு.

நர்ஸுக்கு அங்கேயும் சகோதரி என்றுதான் பெயராம்.
ஷ்வெஸ்டர்.
சங்கிலியை அடகு வைத்து, ஏஜென்சிக்குக் கட்டி,
இத்தனை தண்ணீர் தாண்டிப் போயும்
சிஸ்டர்தான்.
சுலபம். நான்கு நாள்.

முள்ளோடையில் பாதி பஸ் மதுக்கடைக்கு இறங்கியது.
கால் நீட்ட இடம் கிடைத்தது.
ஒரு சொல் மட்டும் நிற்கவில்லை.
டோஹ்.
கண்ணாடியைத் துடைக்க ஊதுகிற மூச்சு அளவுக்குத்தான்.
தில்லைக்கரசி எழுதியிருக்கும் அர்த்தம்:
'இல்லையா என்று கேட்டால்,
இல்லை இல்லை, ஆமாம்.'
கீழே சின்னதாக: எனக்கும் புரியல.
ஒரு நிமிடம். வந்தது. மறுபடி ஒரு நிமிடம்.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்,
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
அதுவும் கைகாட்டி ஏறியது.

சில சொற்களுக்கு இப்போதே ஆறு மாதம் தள்ளித் தேதி போட்டாகிவிட்டது.
மார்ச் பதினான்கு: எலும்பு.
அன்றைக்கு நான் எங்கே இருப்பேன் என்று
தூதரகத்துக்குத் தெரியாது,
வீட்டுக்காரருக்குத் தெரியாது.
எலும்புக்குத் தெரிந்திருக்கிறது.

"நீ போகமாட்ட ஜெசி" என்றார் நேற்று,
மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கியபடி.
கோபமெல்லாம் இல்லை.
இன்றைக்கு மழை வராது என்பது மாதிரி.
நான் ரசம் ஊற்றினேன்.

மரப்பாலம்.
காதில் இன்னும் தில்லைக்கரசி.
கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து
"என்ன சிஸ்டர், இறங்கலையா?"
தமிழில் இதற்கு
ஆமாம் என்றாலும் சிக்கல், இல்லை என்றாலும் சிக்கல்.
"டோஹ்" என்றேன்.
"என்னாது?"
"இறங்கறேன்ணே."

விசில். புழுதி.
தரையில் கால் வைத்தபிறகுதான் உறைத்தது.
கைப்பேசிக்கு அது தெரியாது.
அதே அட்டையை நீட்டிக்கொண்டு
வேர்வை விரலுக்குக் காத்திருக்கிறது.
ஏழு ஐம்பத்தைந்து. விரல்ரேகை வைக்க ஐந்து நிமிடம்.
ஓடுகிறேன்.

ராத்திரிக்கு மிச்சம் பதினேழு அட்டை.
நேற்றைய ரசமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.