இருநூற்றுப் பன்னிரண்டு

செப்டம்பர் கடைசி. ப்ளண்டுவோஸ்.
மலையிறங்கிய ஆடுகள் எல்லாம்
என் திரையில் ஒரே ஆவணமாக வந்திருந்தன,
மூன்று பட்டியல்கள்:
காதுவில்லை எண்கள்,
பண்ணைப் பெயர்கள்,
எடைகள்.
பஸ்ஸில் அடுத்தடுத்து உட்கார்ந்தும்
முகம் பார்க்காத மூன்று பேர் மாதிரி.

சின்ன வேலைதான்.
முதலோடு முதல், இரண்டோடு இரண்டு,
ஜிப் இழுப்பதுபோல் பல்லுக்குப் பல் கோத்து
ஓர் ஆட்டுக்கு ஒரு வரி.
வினவலை எழுதிவிட்டுக் கெட்டிலைப் போட்டேன்.
தண்ணீர் சூடாகுமுன் வந்துவிட்டன
அறுநூற்று நாற்பது வரிகள்.

கடைசி வரியில் மட்டும் எடை இல்லை.
குறைகிற பட்டியலை வால்பக்கம்
வெறுமையால் நிரப்பு என்று நான்தான் சொல்லியிருந்தேன்.
சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது.
கடைசி ஆட்டை நிறுக்க மறந்திருப்பார்கள்,
அனுப்பிவிடலாம் என்று கை போனது.

கையெழுத்துப் போட வந்த ஹ்யோர்டிஸ்
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"என் கிடாய் முப்பத்தெட்டு கிலோவா?
போன வாரம் என்னை வேலியோடு வைத்து நசுக்கினான்."
அவனுக்கு முந்தைய வரியில்
ஐந்து மாதக் குட்டி ஒன்று
தொண்ணூற்றாறு கிலோவுடன் நின்றது.

மேலே போனேன். வரி வரியாக.
குட்டிகளின் மேல் தாய்களின் எடை,
தாய்களின் மேல் குட்டிகளின் எடை.
இருநூற்றுப் பதினொன்றில் உலகம் ஒழுங்காக இருந்தது.

எடைமேடையில் நின்ற ஸ்டேய்ன்தோருக்கு போன் போட்டேன்.
"அதுவா... முன்னங்கால் உடைந்திருந்தது.
மேடையில் நிற்கவில்லை.
தூக்கிக்கொண்டு போய் டிரக்கில் வைத்தேன்.
ஒன்றும் எழுதவில்லை."

"எவ்வளவு இருக்கும்?"

போனில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"கனமாக இருந்தது" என்றார்.

அதை எந்தக் கட்டத்தில் போட?
பூஜ்யம் போட முடியாது.
பூஜ்யம் என்றால் எடையே இல்லாத ஆடு.
இது எடை இருந்த ஆடு,
ஒருவர் கைகளுக்கு மட்டும் தெரிந்த எடை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் இடத்தைப் பிளந்து
வெறுமையை அங்கே வைத்தேன்.

நானூற்று இருபத்தெட்டு எடைகள்
ஒவ்வொன்றாய் ஒரு படி கீழே இறங்கின.
கிடாய்க்குத் தன் உடம்பு திரும்பக் கிடைத்தது.
ஹ்யோர்டிஸ் சிரித்து, கையெழுத்துப் போட்டு,
என் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

விளக்கை அணைத்துக் கோட்டை மாட்டினேன்.
ஜிப் நெஞ்சுவரை வந்து நின்றது,
கீழே எங்கோ ஒரு பல் தவறியிருந்தது.
வாசலில் காற்று அடிக்க
அடிவரை இறக்கி
முதலிலிருந்து கோத்தேன்.