பத்தாவது வரி

காந்தி ரோட்டிலிருந்து திரும்பினால் எங்கள் கடை.
போர்டில் தமிழுக்குக் கீழே வங்காளம்:
ஜெராக்ஸ், லாமினேஷன், ஃப்ளெக்ஸ்.
ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களிடமிருந்து
ஒரு மொழியைச் சில்லறையாகச் சேர்த்துவைத்திருக்கிறேன்.

தணிகைவேல் தோழர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.
எட்டுக்குப் பன்னிரண்டு. பத்து வரி.
நாளைக் காலை சத்துவாச்சாரியில் ஆர்ப்பாட்டம்.
குண்டு போடாதே என்றது முதல் வரி.
அந்த அரசைக் கொலைகார அரசு என்றது மூன்றாவது.
நம் அரசும் கூட்டு என்றது ஆறாவது.
விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார்,
மனைவியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்ய.
ரேச்சல் எலியாஸ், எழுபத்தொன்று, கொல்கத்தா.
மதம் என்ற கட்டத்தில்
நான் இதுவரை ஜெராக்ஸ் எடுத்திராத ஒரு சொல்.

திரையில் இடிந்த வீட்டைப் பார்த்தார்.
என்ன எழுதியிருக்கு, என்றார்.
ஒவ்வொன்றாக வங்காளத்தில் சொன்னேன்.
நான்காவதற்குத் தலையசைத்தார்:
என் அண்ணன் மகள் அந்த ஊரிலேயே
சனிக்கிழமை ராத்திரி தெருவில் நின்று இதைத்தான் கத்துகிறாள்.
ஏழாவதற்கு மேஜையைத் தட்டினார்:
பிணைக்கைதிகளை ஏன் எழுதவில்லை?
என் பேனர் இல்லை, ஐயா.
யாருடையதோ அவரிடம் கேள்.
கேட்கிறேன் என்றேன். ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாவது?

பத்தாவதில் அரசு இல்லை, குண்டு இல்லை.
ரத்தத்திலேயே ஊறியது என்று இருந்தது,
பூண்டோடு என்று இருந்தது.
வங்காளத்தில் எனக்குத் தெரியாத வார்த்தை
ஒன்றுகூட இல்லை அதில்.

அது கடைப் பேரு, என்றேன்.

பெத்தேலா? கதவில் பார்த்தேன், சிரித்தார்.
எங்கள் பாஷை அது. கடவுளின் வீடு.
மீதிப் பத்து ரூபாயை வாங்காமலே போனார்.

ராத்திரி தோழருக்குப் போன் போட்டேன்.
கருத்துச் சுதந்திரம்னு நீயே இப்படிப் பண்ணலாமா?
பேசுங்க தோழர். ஒன்பதையும் இன்னும் பெரிசா அடிச்சுத் தரேன்.
அந்த ஒன்பதையும் ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்,
சண்டைகூடப் போட்டார்.
பத்தாவதுக்குப் பொய் சொல்லிட்டேன்.
ஒரு கிழவனுக்காகவா?
பிணைக்கைதி பற்றியும் கேட்டேன்.
அதற்குள் லைன் போயிருந்தது.

அடுத்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு.
வெளிநாட்டு விவகாரம்மா, மொத்தத்தையும் எடுத்துடு,
நல்ல நாள் வாழ்த்து மாதிரி ஏதாவது போடு.
அனுமதி எண் இருக்கு சார், என்றேன்.
கை நடுங்கியதை அவர் பார்த்திருக்க முடியாது.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
மிஷின் தலை இடமும் வலமும் போய்ப் போய்
ஒன்பது வரியை ஈரமாக இறக்கியது.
கீழே மிஞ்சிய இடத்தில்
அதே சிவப்பு, அதே அளவு எழுத்தில்
பெத்தேல் டிஜிட்டல்ஸ், வேலூர்.
அதன் பக்கத்தில் என் நம்பர்.

விடிந்ததும் முதலில் கூப்பிடப்போவது
தோழரா, ஏட்டா,
தெரியவில்லை.
போனைச் சார்ஜில் போட்டுவிட்டு
ஷட்டரை இழுத்தேன்.